ஐந்து பெட்டி எதற்கு? இரண்டு போதுமே!

கம்ப்யூட்டர் வாங்கி வீட்டில் வைத்தாயிற்று. விண்டோஸ் ஓரளவு பழகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "நல்லதா ஒரு 5.1 ஸ்பீக்கர் செட் போட்டுடலாமா? தியேட்டர் மாதிரி இருக்கணும்." சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன் என்பதால் தாம்பரத்தில் எங்கள் தெருவில் இந்தக் கேள்வி என்னிடம்தான் வந்து நிற்கும். என் பதில் எப்போதும் ஒன்றுதான். வேண்டாம். அதே பணத்தில் இரண்டே இரண்டு நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள். மீதிக்கு ஒரு ஹெட்போன் வாங்குங்கள். சுற்றிலும் ஒலி கேட்க வேண்டும் என்றால் அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்து தரும்.

கேட்டவர் முகத்தில் சற்று ஏமாற்றம் தெரியும். ஆறு பெட்டிகள் அடங்கிய பெரிய அட்டைப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வரும் மகிழ்ச்சி இரண்டு பெட்டியில் கிடைக்காதுதான். ஆனாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

தியேட்டர் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு

5.1 என்றால் என்ன? முன்னால் இடது, வலது, நடு என்று மூன்று. பின்னால் இடது, வலது என்று இரண்டு. ஆக ஐந்து ஸ்பீக்கர்கள். இடி, வெடி, டிரம்ஸ் போன்ற அடித்தொனிக்கு மட்டும் ஒரு சப்-வூஃபர். அது முழு அலைவரிசையையும் ஒலிப்பதில்லை என்பதால் அதற்கு ஒரு முழு எண் தராமல் '.1' என்று போட்டார்கள்.

இது தியேட்டரில் பிறந்த கணக்கு. தமிழ்ப் படங்களில் இந்த மோகம் தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கியது. 1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். ஒலியுடன் வந்தது. 1996-ல் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியுடன் வந்தது. அதன் பிறகு தியேட்டர் வாசலில் 'டி.டி.எஸ்.' என்று போர்டு வைத்தாலே கூட்டம் சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. 2012 டிசம்பரில் 'சிவாஜி' 3டி படமாக மறுபடி வந்தபோது டால்பி அட்மாஸ் ஒலியுடன் வந்தது. அதில் தலைக்கு மேலேயும் ஸ்பீக்கர்.

தியேட்டரில் ஏன் இத்தனை ஸ்பீக்கர்கள் என்று யோசித்துப் பாருங்கள். குரோம்பேட்டை வெற்றி தியேட்டரில் நீங்கள் நடு வரிசையில் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓரத்து சீட்தான் கிடைத்திருக்கும். இன்னொருவர் திரைக்கு நேர் கீழே. இத்தனை பேருக்கும் வசனம் திரையிலிருந்தும், மழை சுற்றுச்சுவரிலிருந்தும் கேட்க வேண்டும். ஒவ்வொருவர் காதும் ஒவ்வோர் இடத்தில் இருப்பதால் ஏமாற்று வேலை அங்கே செல்லாது. ஒலி எங்கிருந்து வர வேண்டுமோ அங்கே நிஜமாகவே ஒரு ஸ்பீக்கர் வைத்தாக வேண்டும்.

உங்கள் கம்ப்யூட்டர் மேஜை முன்னால் எத்தனை பேர் உட்காருகிறார்கள்? ஒருவர். அவருக்கு இரண்டு காதுகள். அந்த இரண்டு காதுகளுக்கும் சரியான ஒலி போய்ச் சேர்ந்துவிட்டால் போதும். அது எத்தனை பெட்டியிலிருந்து வந்தது என்று மூளை எண்ணிப் பார்ப்பதில்லை. விர்ச்சுவல் சரவுண்ட் என்ற முழு விஷயமும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

காது எப்படித் திசையைக் கண்டுபிடிக்கிறது?

நம்மூர் வெயிலில், 30 டிகிரி வெப்பத்தில், ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். ஒரு மில்லிசெகண்டில் 35 சென்டிமீட்டர், அதாவது ஓர் அடியைவிடச் சற்று அதிகம். உங்கள் வலப்பக்கம் ஒரு குக்கர் விசில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வலது காதை முதலில் தொடும். தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதுக்குப் போக இன்னும் ஒரு இருபத்திரண்டு சென்டிமீட்டர் பயணம். ஆக இரண்டு காதுகளுக்கும் இடையே அதிகபட்ச தாமதமே ஒரு மில்லிசெகண்டில் மூன்றில் இரண்டு பங்குதான். இந்தத் துளி தாமதத்தை மூளை அளந்துவிடுகிறது! தலை குறுக்கே நிற்பதால் இடது காதில் விழும் ஒலி, அதிலும் கிறீச்சென்ற உயர் தொனிகள், சற்றுக் குறைந்தும் கேட்கும். அதையும் மூளை கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

இது இடம் வலம் பிரிக்க உதவும். முன்னால், பின்னால் என்பதற்கு? நேர் முன்னால் இருந்து வரும் ஒலியும் நேர் பின்னால் இருந்து வரும் ஒலியும் இரண்டு காதுகளையும் ஒரே நேரத்தில்தான் தொடும். அங்கேதான் காது மடலின் மடிப்புகள் உதவுகின்றன. முன்னால் வரும் ஒலியை மடல் ஒரு விதமாக மாற்றி உள்ளே அனுப்புகிறது, பின்னால் வருவதை வேறு விதமாக. பிறந்தது முதல் பழகிப்போன இந்த வேறுபாட்டை வைத்து மூளை தீர்ப்புச் சொல்கிறது. சந்தேகம் வந்தால் நாம் தலையைச் சற்றுத் திருப்பிப் பார்க்கிறோம். அதையும் நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

ஆக, தாமதம், அளவுக் குறைவு, மடல் செய்யும் மாற்றம் இவை மூன்றையும் கணக்குப் போட்டு இரண்டு காதுகளுக்கும் தனித்தனியாக ஊட்டிவிட்டால், பின்னால் ஸ்பீக்கர் இல்லாமலே பின்னால் ஒலி கேட்கும். ஹெட்போனில் இது எளிது. இடது காதுக்கு ஒரு குழாய், வலது காதுக்கு ஒரு குழாய் மாதிரி. ஸ்பீக்கரில்தான் சிக்கல். இடது ஸ்பீக்கர் ஒலி இடது காதோடு நின்றுகொள்ளாது. வலது காதுக்கும் போகும். கலந்துவிட்டால் கணக்கெல்லாம் வீண்.

கான்பூர்க்காரர் கண்டுபிடித்த வழி

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்களில் ஒருவர் இந்தியர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பிஷ்ணு அடல் 1933-ல் கான்பூரில் பிறந்தவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்து, பிறகு அங்கேயே சில ஆண்டுகள் பாடம் நடத்தியவர். 1961-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே மான்ஃப்ரெட் ஷ்ரோடர் என்ற ஜெர்மானியருடன் சேர்ந்து 1962-ல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1966-ல் அது வழங்கப்பட்டது. இரண்டு ஸ்பீக்கர்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரே இல்லாத இடத்திலிருந்து ஒலி வருவதுபோல் கேட்கச் செய்யும் முறை அது.

தத்துவம் என்னவோ எளிதுதான். இடது ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஒலி புறப்பட்டால் அது வலது காதுக்கும் கசியும் அல்லவா? எவ்வளவு தாமதத்தில், எவ்வளவு அளவில் கசியும் என்பது கணக்கில் தெரியும். அதே அளவில், அதே நேரத்தில், ஆனால் தலைகீழாகத் திருப்பிய ஓர் ஒலியை வலது ஸ்பீக்கரிலிருந்து அனுப்பு. மேடும் பள்ளமும் சேர்ந்து சமமாகிவிடும். கசிவு அழிந்துவிடும். அழிக்க அனுப்பிய ஒலியும் மறுபக்கம் கசியுமே என்று கேட்டால், அதை அழிக்க இன்னொன்று, அதை அழிக்க மற்றொன்று. ஒவ்வொரு சுற்றிலும் அளவு குறைந்துகொண்டே போவதால் ஒரு கட்டத்தில் நிறுத்திவிடலாம்.

ஷ்ரோடர் இதை விளையாட்டுக்குச் செய்யவில்லை. எழுபதுகளில் அவரும் அவரது குழுவினரும் ஐரோப்பாவின் இசை அரங்குகளை ஒப்பிட இந்த முறையைத்தான் பயன்படுத்தினார்கள். ஒவ்வோர் அரங்கிலும் காதில் மைக் பொருத்திய பொம்மைத் தலையை வைத்துப் பதிவு செய்து, எதிரொலியே இல்லாத ஓர் அறையில் இரண்டு ஸ்பீக்கர்கள் மூலம் ஒலிக்க விட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் நொடியில் ஓர் அரங்கிலிருந்து இன்னோர் அரங்குக்குத் 'தாவி', எது நன்றாக இருக்கிறது என்று சொல்லலாம். 1974-ல் இந்த ஆய்வு வெளியானது. இரண்டே ஸ்பீக்கர்கள் ஒருவரை அரங்கத்துக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டன. (அடலின் இன்னொரு பணி நம் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. செல்போனில் குரலைச் சுருக்கி அனுப்பும் தொழில்நுட்பத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் அவரும் ஒருவர்.)

இன்று சவுண்ட் டிரைவரில் 'விர்ச்சுவல் சரவுண்ட்' என்று ஒரு சிறிய கட்டத்தில் டிக் அடிக்கிறோமே, அதன் பின்னால் இருப்பது இந்தக் குடும்பத்துக் கணக்குதான்.

எங்கே இது எடுபடாது?

ஷ்ரோடரின் சோதனையில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. கேட்பவர் ஒருவர், அதுவும் நாற்காலியை விட்டு நகராதவர். அறையில் எதிரொலி கிடையாது. கம்ப்யூட்டர் மேஜையில் முதல் நிபந்தனை ஏறக்குறைய தானாகவே நிறைவேறுகிறது. மானிட்டருக்கு நேராக, இரண்டு அடி தூரத்தில், அசையாமல்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஸ்பீக்கர்கள் அருகில் இருப்பதால் சுவரில் பட்டு வரும் ஒலியைவிட நேரடி ஒலியே ஓங்கி நிற்கும். ஆகவே இரண்டாவது நிபந்தனையும் ஓரளவு சரி. ஆனால் தலையை ஒரு சாண் நகர்த்தினால் மாயம் கலைந்துவிடும். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு ஒன்றும் விளங்காது. அவனுக்கு வினோதமான, குழறிய ஒலிதான் கேட்கும்.

ஹாலில் குடும்பமே உட்கார்ந்து படம் பார்க்கும்போது நிலைமை வேறு. அப்பா நாற்காலியில், பாட்டி கட்டிலில், பிள்ளைகள் தரையில், அம்மா சமையலறை வாசலில் நின்றபடி. இதில் யாருக்கு அந்த ஒரு நடு இடம்? அங்கே விர்ச்சுவல் சரவுண்டை அணைத்து வைப்பதே மேல் என்பேன். டிவியோடு வைக்கும் சவுண்ட்பார்களில் சில, பக்கச் சுவர்களில் ஒலியை அடித்துத் திருப்பி அனுப்பும் வகை. அதற்கு இரு பக்கமும் ஒரே மாதிரி வெறும் சுவர் வேண்டும். நம் புறநகர் அடுக்ககங்களின் ஹாலைப் பாருங்கள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பால்கனி கதவும் திரைச்சீலையும். அல்லது சமையலறை திறப்பு. அடித்த ஒலி திரும்பி வருவதற்குப் பதில் வெளியே போய்விடும்.

சரி, நிஜமான 5.1 செட் வைத்தால்? சேலையூரில் நண்பர் ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹால். பின் ஸ்பீக்கர்களில் ஒன்றுக்கு ஃப்ரிட்ஜ் மேல் இடம் கிடைத்தது. மற்றொன்று ஜன்னல் கட்டையில். வயர் வாசற்படியைக் குறுக்கே தாண்டியது. கால் தடுக்காமலிருக்க மேலே மிதியடி. ஒரே மாதத்தில் வீட்டில் எல்லோரும் பேசி முடிவெடுத்து ஐந்து பெட்டிகளையும் டிவிக்குப் பக்கத்திலேயே அடுக்கிவிட்டார்கள். பின்னாலிருந்து வர வேண்டிய ஒலியெல்லாம் முன்னாலிருந்தே வந்தது. இந்தக் கதை அவர் வீட்டோடு நிற்கவில்லை, பல வீடுகளில் பார்க்கிறேன். ஐயாயிரம் ரூபாய்க்குள் ஐந்து பெட்டி, வூஃபர், ரிமோட், எஃப்.எம்., எல்லாம் தருகிறார்கள் என்றால் ஒரு பெட்டிக்கு என்ன செலவழித்திருப்பார்கள் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

பெட்டியில் 5.1, உள்ளே வருவது 2

இதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம். எழும்பூரில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனால் 'ப்ரோலாஜிக் போர்டு' என்று சிறிய சர்க்யூட் போர்டு கேட்டு வாங்கலாம். அசெம்பிள் செட் கட்டுபவர்கள் அதைத்தான் மாட்டுவார்கள். உள்ளே வருவது இடது, வலது என்று இரண்டே சேனல். வெளியே ஆறு. எப்படி? இடதையும் வலதையும் கூட்டினால் நடு ஸ்பீக்கர். இடதிலிருந்து வலதைக் கழித்தால் பின் ஸ்பீக்கர். இரண்டிலும் அடித்தொனியை மட்டும் வடிகட்டினால் வூஃபர். அவ்வளவுதான். மலிவான ஆப்-ஆம்ப் ஐ.சி. சில இருந்தால் போதும். பாடலில் பாடகர் குரல் பெரும்பாலும் இடதிலும் வலதிலும் சம அளவில் இருக்கும். கழித்தால் குரல் மறைந்து, மிச்சமிருக்கும் வயலினும் எதிரொலியும் பின்னால் கேட்கும். கேட்பவருக்கு 'ஆஹா, சரவுண்ட்!' என்று தோன்றும்.

இந்தக் கூட்டல் கழித்தலை நான் இழிவாகச் சொல்லவில்லை. 'குருதிப்புனல்' கால டால்பி ஸ்டீரியோவே, ஃபிலிம் சுருளின் ஓரத்தில் இருந்த இரண்டு ஒலித்தடங்களுக்குள் நான்கு சேனல்களை மடித்து வைத்த முறைதான். தியேட்டர் கருவி அதைப் பிரித்து எடுத்தது. ஆனால் அங்கே மடித்து வைத்தவர் ஒருவர் இருந்தார். பிரிப்பதற்கு அர்த்தம் இருந்தது. சாதாரண ஸ்டீரியோ பாடலில் யாரும் எதையும் மடித்து வைக்கவில்லை. பிரிப்பது வெறும் ஊகம். 1978-ல் வந்த 'ப்ரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. அவற்றை இரண்டு நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் எந்த வாத்தியம் எந்தப் பக்கம் என்று இளையராஜா வைத்த இடம் தெரியும். அதை ஆறாகப் பிய்த்துப் போட நாம் யார்?

நீங்கள் கம்ப்யூட்டரில் கேட்பதில் பெரும்பகுதி இரண்டு சேனல்தான். எம்பி3 பாடல்கள், யூடியூப் வீடியோக்களில் மிகப் பெரும்பாலானவை எல்லாம் ஸ்டீரியோ. ஒரு படம் நிஜமாகவே 5.1 ஒலியுடன் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. வி.எல்.சி. பிளேயரில் படத்தை ஓட விட்டு, கன்ட்ரோல் கீயுடன் ஜே கீயை அழுத்துங்கள். கோடெக் விவரங்கள் அடங்கிய விண்டோ திறக்கும். அதில் சேனல்கள் என்ற வரியில் 'ஸ்டீரியோ' என்று இருந்தால் இரண்டுதான். '3எஃப்2ஆர்/எல்எஃப்இ' என்று இருந்தால் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, கூடவே அடித்தொனி. அதாவது 5.1. உங்களிடம் உள்ள பத்துப் படங்களை இப்படிச் சோதித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

அடுத்தது வழி. லேப்டாப்பில் உள்ள ஒற்றை ஹெட்போன் துளையில் வெளியே வருவது இரண்டு சேனல். 5.1 செட்டுக்கு அனலாக் முறையில் மூன்று வயர் வேண்டும். பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மதர்போர்டின் பின்னால் தனித்தனித் துளைகள் இருந்தால்தான் பயன். இல்லையென்றால் எச்.டி.எம்.ஐ. வழியாக ஏ.வி. ரிசீவருக்குப் போக வேண்டும், அது வேறு செலவு. புளூடூத்தில் பாட்டு அனுப்பும் வழக்கமான முறையும் இரண்டு சேனல்தான். புளூடூத் இணைப்பில் 5.1 செட்டின் பின் ஸ்பீக்கர் பேசுகிறது என்றால் அது மேலே சொன்ன கூட்டல் கழித்தல் வேலை. இன்னொரு வேடிக்கை. சில அட்டைப் பெட்டிகளில் 'புளூடூத் 5.1' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது 2019-ல் வெளியான புளூடூத் தொழில்நுட்பத்தின் பதிப்பு எண். ஸ்பீக்கர் எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் கடைக்காரர் அந்த எண்ணின் மேல் விரலை வைத்துக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

வாட்ஸ் விஷயத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 'பி.எம்.பி.ஓ.' என்று போட்டு ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம். 'ஆர்.எம்.எஸ்.' என்ற எண்ணை மட்டும் பாருங்கள். யு.எஸ்.பி. 2.0 போர்ட்டிலிருந்து கிடைப்பது 5 வோல்ட், அதிகபட்சம் அரை ஆம்பியர். ஆக இரண்டரை வாட்ஸ். அதில் ஓடும் ஸ்பீக்கர் ஆயிரம் வாட்ஸ் எப்படித் தரும்?

ஹெட்போனில் சோதித்துப் பாருங்கள்

விர்ச்சுவல் சரவுண்டின் உண்மையான வீடு ஹெட்போன்தான். கசிவு இல்லை, அறை எதிரொலி இல்லை, பக்கத்து வீட்டுப் புகார் இல்லை. பம்மலிலோ அனகாபுத்தூரிலோ தலைக்கு மேல் விமானம் போனாலும் படம் ஓரளவு தப்பும். இதற்காக '7.1 கேமிங் ஹெட்செட்' என்று தனியாகத் தேட வேண்டியதில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளேயும் காதுக்கு ஒன்று வீதம் இரண்டே ஸ்பீக்கர்கள்தான். மீதி எல்லாம் மென்பொருள். அந்த மென்பொருளில் ஒன்று உங்கள் விண்டோஸில் ஏற்கெனவே இலவசமாக இருக்கிறது. 2017 முதல் விண்டோஸ் 10-லும், பிறகு 11-லும் 'விண்டோஸ் சோனிக்' என்ற பெயரில் வருகிறது.

விண்டோஸ் 11-ல் ஹெட்போனை மாட்டிவிட்டு, டாஸ்க்பாரின் வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் ஐகானில் ரைட் கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸ் திறக்கவும். அவுட்புட் பகுதியில் உங்கள் ஹெட்போன் பெயரைக் கிளிக் செய்தால் கீழே 'ஸ்பேஷியல் சவுண்ட்' என்ற பகுதி இருக்கும். அதில் 'விண்டோஸ் சோனிக் ஃபார் ஹெட்போன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அதே பட்டியலில் டால்பி, டி.டி.எஸ். நிறுவனங்களின் முறைகளும் வரலாம். அவை காசு கொடுத்து வாங்குபவை. முதலில் இலவசத்தைக் கேட்டுப் பாருங்கள். 5.1 ஒலியுள்ள படத்திலும், கேம்களிலும்தான் வித்தியாசம் தெரியும். ஸ்டீரியோ பாடலுக்கு இதை அணைத்துவிடுங்கள். ஹெட்செட்டுடன் வந்த மென்பொருளிலும் ஒரு சரவுண்ட் பட்டன் இருந்தால் இரண்டில் ஒன்றைத்தான் போட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். மென்பொருள் ஏதோ ஒரு சராசரிக் காது மடலை வைத்துக் கணக்குப் போடுகிறது. உங்கள் மடல் அதிலிருந்து விலகியிருந்தால் முன்னால் வர வேண்டிய ஒலி பின்னால் கேட்கும், அல்லது தலைக்குள்ளேயே கேட்கும். மேலே சொன்னேனே, சந்தேகம் வந்தால் தலையைத் திருப்பிப் பார்க்கிறோம் என்று. ஹெட்போன் தலையோடு சேர்ந்தே திரும்புவதால் அந்தச் சோதனையும் கைகொடுக்காது. தலை அசைவைக் கவனித்து ஒலியைத் திருத்தும் ஹெட்போன்களும் உண்டு, விலை அதிகம். என் வீட்டில் எனக்கு நன்றாகக் கேட்கும் முறை என் அண்ணனுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் உங்கள் காதில் கேட்டுப் பார்ப்பதே சரி. சத்தத்தைக் கூட்டி வைத்துப் பழகாதீர்கள். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு.

வசனம் எங்கே போயிற்று?

ஹெலிகாப்டர் பின்னாலிருந்து வருகிறதா என்பதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது, வீட்டில் வயதானவருக்கு வசனம் புரிகிறதா என்பது. இதில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். படம் ஓடுகிறது, பின்னணி இசை ஜோராகக் கேட்கிறது, ஆனால் பேசுவது மட்டும் காணோம்! ஸ்பீக்கர் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். பழுது பெரும்பாலும் செட்டிங்கில்தான். கன்ட்ரோல் பேனலில் சவுண்ட் பகுதிக்குப் போய், பிளேபேக் பட்டியலில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, 'கான்ஃபிகர்' என்பதைக் கிளிக் செய்து பாருங்கள். அங்கே 5.1 என்று இருந்தால், விண்டோஸ் வசனத்தை நடு ஸ்பீக்கருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. உங்களிடம் இருப்பதோ இரண்டு. இல்லாத ஸ்பீக்கரில் கதாநாயகன் பேசிக்கொண்டிருக்கிறார். 'ஸ்டீரியோ' என்று மாற்றினால் குரல் திரும்பி வந்துவிடும்.

வசனம் மெல்லியதாகவும் சண்டை காதைப் பிளப்பதாகவும் இருந்தால், வி.எல்.சி.யில் கன்ட்ரோல் கீயுடன் ஈ கீயை அழுத்தி, ஆடியோ எஃபெக்ட்ஸில் 'கம்ப்ரஸர்' என்பதை இயக்குங்கள். ஓங்கிய ஒலி அடங்கும், மெல்லியது மேலே வரும். ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஒரு காது சரியாகக் கேட்காதவர் வீட்டில் இருந்தால், சரவுண்ட் வேண்டாம், ஸ்டீரியோவும் வேண்டாம். விண்டோஸ் 11 செட்டிங்ஸில் 'அக்சஸிபிலிட்டி' பகுதியில் ஆடியோவுக்குள் 'மோனோ ஆடியோ' இருக்கிறது. அதைப் போட்டால் இரு பக்க ஒலியும் ஒன்றாகச் சேர்ந்து நல்ல காதிலேயே முழுதாக விழும். எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு இதைச் செய்து கொடுத்தபோது, கம்ப்யூட்டர் வாங்கியதில் தனக்குக் கிடைத்த முதல் லாபம் இதுதான் என்றார்.

கடைசியாக, அந்த இரண்டு ஸ்பீக்கர்களை எங்கே வைப்பது? மானிட்டரின் இரு பக்கமும், உங்கள் தலையோடு சேர்த்துப் பார்த்தால் மூன்று பக்கமும் சமமான முக்கோணமாக வர வேண்டும். காது உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். பழைய டெலிபோன் டைரக்டரி இருந்தால் இப்போதாவது உதவும். ஷோகேஸுக்குள் திணிக்காதீர்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் பின்னால் ஒரு கனமான திரைச்சீலையோ துணி போட்ட கட்டிலோ இருந்தால் ஒலி தெளியும். 2.1 செட் என்றால் வூஃபரை மேஜைக்கு அடியில் வைக்கலாம், அடித்தொனிக்குத் திசை தெரியாது. ஆனால் மூலையில், அதுவும் பொதுச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். நீங்கள் கேட்காத அதிர்வெல்லாம் பக்கத்து வீட்டில் கேட்கும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. மே மாதத்தில் தாம்பரத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு யாரும் படம் பார்க்கப்போவதில்லை, அந்த இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டும் என்று சத்தத்தைக் கூட்டத்தான் தோன்றும். பத்து மணிக்கு மேல் ஹெட்போனை எடுத்துக்கொள்ளுங்கள்.